வானில் எழுந்த கரி எங்கே போகின்றது?

காங்கேசன்துறைக் கடற்கரையில் மாலை வேளையில் நின்று வடக்கே நோக்குபவர்கள், கடலும் வானும் கலக்கின்ற இடத்தை ஒரு கோடாகக் காண்பார்கள். மாரிமழை நன்கு பெய்து ஓய்ந்த மறுநாளில் அக்கோடு கத்தியாற் கீறியதுபோலத் தெளிவாக இருக்கும். மழையின்றி எட்டுப் பத்து நாள்கள் கழிந்து வாடைக்காற்று மெல்ல வீசுகின்ற தை, மாசி மாதங்களிலோ அக்கோட்டைத் தேடித்தான் பிடித்தல் வேண்டும். கடலின்மேல் பழுப்பு நிறமான மெல்லிய திரையொன்று தொங்கும். சூரியன் கடலைத் தொடுமுன்னரே அத்திரைக்குள் மங்கி மறைந்துவிடும். "பனி மூடிக்கிடக்கிறது" என்று சொல்லிவிட்டு நடப்பது எம்மவர் வழக்கம். ஆனால் அத்திரையிற் பனியைவிடப் புகையே பெரும்பாலும் அதிகம்.

இப்புகையைப் பற்றி வகுப்பில் ஒருமுறை நாம் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், உலகம் முழுவதும் நாள்தோறும் எத்தனையோ கோடி அடுப்பு எரிகிறது, எத்தனையோ லொறியும் பஸ்ஸும் ஓடுகின்றன. அந்தக் கரியெல்லாம் மேலேதானே போகிறது? அப்படியானால் வானம் எப்போதோ கறுத்துப் போயிருக்க வேண்டுமே?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. மிகவும் நேர்மையான கேள்வி அது. நெருப்பைக் கண்ட நாள் தொட்டு மனிதன் கரியை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றான். ஆயினும் வானம் நீலமாகவே இருக்கின்றது. ஆகவே, மேலே சென்ற கரியை யாரோ கீழே கொண்டுவந்துகொண்டிருக்க வேண்டும். அவர் யார், எவ்வாறு அதனைச் செய்கின்றார், அவருடைய வேலை எப்போது தடைப்படுகின்றது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

கரி பிறக்கும் விதம்

விறகோ மண்ணெண்ணெயோ டீசலோ முழுமையாக எரிந்தால் அதிலுள்ள காபன் முழுவதும் ஒட்சிசனோடு கூடிக் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகிவிடும். போதிய காற்றுக் கிட்டாதபோது, அல்லது சுவாலை விரைவிற் குளிர்ந்துவிடும்போது, காபனின் ஒரு பகுதி எரியாமல் எஞ்சுகின்றது. அதுவே கரி. குத்துவிளக்கின் சுடர் மஞ்சளாக ஒளிர்வதும் இக்கரியினாலேதான். சுடருக்குள் பிறந்த கரித்துணிக்கைகள் சூடேறித் தகதகக்கின்றன. அவ்வொளியே எமக்கு விளக்கொளியாகின்றது. இதனை மைக்கல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1860ஆம் ஆண்டின் இறுதியில், நத்தார் விடுமுறையிற் சிறுவர்களுக்கு மெழுகுதிரியைப் பற்றி ஆற்றிய விரிவுரைகளில் அழகுற விளக்கினார். சுடரின் விளிம்பில் ஒட்சிசன் கிடைத்தால் அத்துணிக்கைகள் எரிந்துபோகும். கிடைக்காவிட்டால் அவை தப்பி மேலே செல்லும். கூரையின் உட்புறத்தையோ லாந்தர்ச் சிமினியையோ கறுப்பாக்கும். குழந்தையின் கண்ணுக்கு மை கூட்டிய எம் பாட்டிமார் இத்தப்பியோடிகளையே தட்டிற் பிடித்து நெய்யிற் குழைத்தனர்.

பிறந்தவுடன் ஒரு கரித்துணிக்கை மிகச் சிறிய உருண்டையாக இருக்கும். அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரை இலட்சம் கூறாக்கினால் அவற்றில் இரண்டு மூன்று கூறளவே. இவ்வுருண்டைகள் பிறந்த மாத்திரத்தே ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டு, முத்துக் கோத்த சரங்கள்போலவும் கிளைவிட்ட முட்செடிகள்போலவும் ஆகின்றன. எமது கண் காண்கின்ற புகை இத்தகைய சரங்களின் பெருங்கூட்டமே.

தானாக விழுமா?

மேலெறிந்த கல் கீழே விழுவதுபோலக் கரியும் தானாக விழுந்துவிடாதா என்று கேட்கலாம். விழும், ஆனால் எவ்வளவு காலத்தில் என்பதே கேள்வி. காற்றினூடாக விழும் சிறு துணிக்கையைக் காற்றின் பாகுத்தன்மை தடுக்கின்றது. அத்தடையைக் கணக்கிடும் விதியை ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் என்பவர் 1851இல் வகுத்தார். அவ்விதியின்படி, நீரின் அடர்த்தியுள்ள உருண்டையான துணிக்கையொன்று அசைவற்ற காற்றில் ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கானால், ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் நிலத்தை அடையும். நூற்றிலொரு பங்கானால் நான்கு நாள்கள் செல்லும். ஆயிரத்திலொரு பங்கானால், அதாவது ஒரு மைக்கிரோமீற்றரானால், ஓராண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் வேண்டும். பதினாயிரத்திலொரு பங்கானாலோ நாளொன்றுக்கு ஏழெட்டுச் சென்ரிமீற்றரே இறங்கும். ஆயிரம் மீற்றரைக் கடக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிடும்.

புகையிலுள்ள கரியிற் பெரும்பகுதி இந்தக் கடைசி அளவையே சார்ந்தது. மேலும் அது நிறைவான உருண்டையன்று, பஞ்சுபோன்ற சரம். வளிமண்டலமும் அசைவற்று நிற்பதன்று. பகலில் நிலம் சூடேறியதும் எழுகின்ற காற்று, இறங்கும் துணிக்கையை மீண்டும் மேலே தூக்கிச் செல்லும். ஆகவே, புவியீர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் எம் மாணவன் சொன்னபடி வானம் கறுத்தே போயிருக்கும்.

ஒட்டிக்கொள்ளும் கரி

இரண்டாவது வழி, தொடுமிடத்தில் ஒட்டிக்கொள்ளுதல். மிகச் சிறிய துணிக்கைகளைக் காற்றின் மூலக்கூறுகள் நாற்புறமும் நின்று இடித்தவண்ணம் இருக்கின்றன. அதனால் அவை ஓரிடத்தில் நில்லாது அங்குமிங்கும் தள்ளாடுகின்றன. பிறவுணியன் அசைவு என்று பாடப்புத்தகம் கூறுவது இதனையே. இவ்வாறு தள்ளாடும் துணிக்கை ஓர் இலையையோ சுவரையோ கடலின் மேற்பரப்பையோ தொட்டுவிட்டால் அங்கேயே பற்றிக்கொள்ளும். அத்துணை சிறிய பொருள்களுக்குப் புவியீர்ப்பைவிட ஒட்டும் விசையே வலியது.

காங்கேசன்துறை வீதியோரத்து வேப்பிலையைப் பறித்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பின்பு வீதியிலிருந்து நூறு யார் உள்ளே தள்ளி நிற்கின்ற மரத்தின் இலையையும் அவ்வாறே துடைத்துப் பாருங்கள். இரண்டு துணிகளும் தரும் விடை வேறுவேறாக இருக்கும். சொரசொரப்பும் மயிரும் உள்ள இலைகள், வழவழப்பான இலைகளைவிட அதிகமாகப் பிடிக்கும். வேலியும் பனந்தோப்பும் வெறும் நிழலுக்கும் எல்லைக்கும் மட்டும் உரியனவல்ல. அவை காற்றைச் சலிக்கின்ற அரிதட்டுகளுமாகும்.

ஆயினும் இவ்வழிக்கும் ஓர் எல்லை உண்டு. இலை இருப்பது நிலத்தருகே. கரியோ ஈராயிரம் மூவாயிரம் மீற்றர் உயரம்வரை பரந்துள்ளது. அன்றியும், சிறு துணிக்கைகள் தம்முள் மோதி ஒட்டி வளர வளர, அவற்றின் தள்ளாட்டம் குறைகின்றது. இவ்வாறு பத்திலொரு மைக்கிரோமீற்றருக்கும் ஒரு மைக்கிரோமீற்றருக்கும் இடைப்பட்ட அளவை அடைந்த துணிக்கை, தள்ளாடித் தொடுவதற்குப் பெரிதாகவும், தானாக விழுவதற்குச் சிறிதாகவும் ஆகிவிடுகின்றது. பழைய துணிக்கைகள் வந்து சேர்ந்து தேங்குகின்ற இடம் இவ்விடைநிலையே. இவற்றை அகற்ற வேறொருவர் வருதல் வேண்டும்.

மழைத்துளியின் குறைபாடு

மழைதான் அவர் என்று எல்லோரும் உடனே கூறுவர். உண்மைதான். ஆனால் மழை இதனைச் செய்யும் விதம் நாம் நினைப்பதுபோன்றதன்று. விழுகின்ற துளிகள் வழியிலுள்ள புகையைத் துடைப்பம்போலக் கூட்டி வருகின்றன என்பது பொதுவான எண்ணம். இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள மழைத்துளி வினாடிக்கு ஆறரை மீற்றர் வேகத்தில் விழுகின்றது. அவ்வாறு விழும்போது முன்னாலுள்ள காற்றை இரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டே வருகின்றது. ஆற்று நீரோட்டத்தில் நிற்கும் பாறையைச் சருகு சுற்றிச் செல்வதுபோல, சிறு துணிக்கையும் காற்றோடு ஒதுங்கித் துளியைச் சுற்றித் தப்பிவிடுகின்றது. பெரிய துணிக்கை கனம் காரணமாக ஒதுங்க முடியாமல் துளியில் மோதிப் பிடிபடும். மிகமிகச் சிறியது தள்ளாட்டத்தினால் துளியைத் தொட்டுப் பிடிபடும். இடைப்பட்டது இரண்டிற்கும் அகப்படாமல் நழுவிவிடும்.

இந்த இடைவெளியை அமெரிக்கரான ஸ்ரான்லி கிறீன்பீல்ட் 1957இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிற் காட்டினார். அணுகுண்டுச் சோதனைகளில் எழுந்த கதிர்வீசும் தூசியை மழை எவ்வளவு விரைவிற் கழுவும் என்று கண்டறிவதே அவர் நோக்கம். அவர் கண்ட அவ்விடைவெளிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. வயது முதிர்ந்த கரித்துணிக்கை வாழ்வது பெரும்பாலும் அவ்விடைவெளியிலேதான்.

முகில் செய்யும் வேலை

அப்படியானால் மழைக்குப்பின் வானம் தெளிவதெப்படி? விடை, துளி விழும் வழியில் அன்று. துளி பிறக்கும் முகிலில் உள்ளது. நீராவி வெறுங்காற்றில் எளிதில் ஒடுங்கித் துளியாவதில்லை. அது பற்றிக்கொள்ள ஏதேனுமொரு துணிக்கை வேண்டும். பிரான்சியரான கூலியே 1875இலும், அவரை அறியாது ஸ்கொத்லாந்தியரான ஜோன் எயிற்கன் 1880இலும் இதனைக் காட்டினர். தூசு வடிகட்டிய காற்றுள்ள பாத்திரத்தில் நீராவியைச் செலுத்தியபோது மூடுபனி உண்டாகவில்லை; சாதாரணக் காற்றைச் சிறிது உட்புகுத்தியதும் உண்டாயிற்று. ஆகவே ஒவ்வொரு முகிற்றுளியின் நடுவிலும் ஒரு துணிக்கை கருவாக இருந்தது என்பதாயிற்று. துணிக்கையைத் தேடி நீர் செல்லத் தேவையில்லை. துணிக்கையின் மேலேயே நீர் பிறக்கின்றது.

ஆனால் இங்கும் ஒரு சிக்கல் உண்டு. அதனை நீங்களே வீட்டிற் சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எவர்சில்வர்க் கரண்டியொன்றின் அடிப்புறத்தை மெழுகுதிரிச் சுடரிற் பிடித்து நன்கு கரிபிடிக்கச் செய்யுங்கள். ஆறியபின் அதன்மேல் ஒரு துளி நீரை விடுங்கள். நீர் படராது, சேம்பிலையில் உருளும் முத்துப்போல உருண்டோடிவிடும். புதுக் கரி நீரை வெறுக்கும் பொருள். அதன்மேல் நீராவி ஒடுங்குவது அரிது. ஆகவே புகைபோக்கியிலிருந்து அன்று புறப்பட்ட கரி, முகிலினூடே சென்றாலும் பெரும்பாலும் நனையாமலே வெளிவந்துவிடும்.

நாளாக ஆக இந்நிலை மாறுகின்றது. புகையோடு வெளிவருகின்ற கந்தகவாயு சூரிய ஒளியில் மாற்றமடைந்து கந்தகவமிலமாகின்றது. அவ்வமிலமும், ஆவியாகிய எண்ணெய்ப் பொருள்களும் கரியின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. மாசு மிகுந்த காற்றில் ஓரிரு நாள்களுக்குள் இது நிகழ்ந்துவிடும். முட்செடிபோல விரிந்திருந்த சரம் அப்பூச்சின் பாரத்தினாற் சுருண்டு உருண்டையாகும். நீரை வெறுத்த பொருள் இப்போது நீரை விரும்பும் பொருளாகிவிடும். முகிலுள் நுழைந்ததும் அதன்மேல் நீர் ஒடுங்கும். துணிக்கை துளிக்குள் அகப்பட்டுவிடும்.

எனினும் ஒரு முகிற்றுளி மழையாகி விழப் போதாது. அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதிலொரு பங்கே. ஏறக்குறைய பத்து இலட்சம் முகிற்றுளிகள் சேர்ந்தாற்றான் நாம் காணும் ஒரு மழைத்துளி உண்டாகும். அவ்வாறு சேரும்போது அவற்றின் நடுவிலிருந்த துணிக்கைகளும் சேர்ந்தே இறங்குகின்றன. முகில்களிற் பல மழையாகாமலே கலைந்துபோவதும் உண்டு. அப்போது துளி ஆவியாக, கரி மீண்டும் காற்றில் விடப்படும். அது அடுத்த முகிலுக்காகக் காத்திருக்க வேண்டியதே. இவ்வாறு பிறப்பும் மறுபிறப்புமாகச் சில முகில்களைக் கண்டபின் ஒருநாள் மழையோடு மண்ணுக்கு வரும். இவை யாவற்றையும் கூட்டிக் கணக்கிட்டு, வளிமண்டலத்தில் ஒரு கரித்துணிக்கையின் சராசரி ஆயுள் ஏறக்குறைய ஒரு கிழமை என விஞ்ஞானிகள் கூறுவர். மழை நாட்டில் அது குறையும். மழையற்ற பருவத்திற் கூடும்.

கடல் கடந்து வந்த புகை

ஒரு கிழமை என்பது சிறிய காலமன்று. மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகமுள்ள காற்று ஒரு கிழமையில் மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற் செல்லும். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குள்ள தூரமோ சுமார் 60 கடல்மைல். 2023 ஒக்டோபரில் இவ்விரு துறைகளுக்குமிடையே மீண்டும் பயணிகள் கப்பல் விடப்பட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். காற்றோ எந்தக் கடவுச்சீட்டுமின்றி எக்காலத்தும் இப்பாதையில் வந்து போய்க்கொண்டிருக்கின்றது.

மார்கழி முதல் பங்குனி வரையும் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகின்றது. கங்கைச் சமவெளியின் அடுப்பும் சூளையும் வாகனமும் வயல்வெளி நெருப்பும் எழுப்பிய புகை அப்போது வங்கக்கடலின் மேலே பரவி எம்மை நோக்கி வருகின்றது. 1999ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச் வரையில், பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி மாலைதீவைத் தளமாகக்கொண்டு இந்துசமுத்திரப் பரிசோதனை என்னும் பேராய்வை நடத்தினர். அதற்குத் தலைமை தாங்கியவர்கள் இருவர். ஒருவர் நோபல் பரிசு பெற்ற போல் குறூட்சன். மற்றவர் மதுரையிற் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்ற வீ. இராமநாதன். வட இந்துசமுத்திரத்தின் பெரும்பரப்பைப் பழுப்புநிறப் புகைமூட்டம் போர்த்திருந்ததை அவ்வாய்வு உலகிற்குக் காட்டிற்று. மூட்டத்திற் கரி பத்துப் பதினைந்து வீதமே. ஆனால் ஒளியை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கியதில் அதுவே முதன்மையானது.

இன்னொன்றும் அவ்வாய்விற் புலனாயிற்று. வடக்குக் காற்றும் தெற்குக் காற்றும் சந்தித்து மேலெழுந்து பெருமழை பொழிகின்ற வலயமொன்று நிலநடுக்கோட்டருகே உண்டு. வடக்கேயிருந்து வந்த புகைமூட்டம் அம்மழை வலயத்தோடு நின்றது. அதற்குத் தெற்கே காற்றுத் தூயதாயிருந்தது. முகிலும் மழையும் கரியை அகற்றுகின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இருவேறு டிசெம்பர்கள்

கழுவும் மழை இல்லாதபோது நேர்வதென்ன என்பதை 2022இல் எமது நாடே கண்டது. அவ்வாண்டு டிசெம்பர் மாத முற்பகுதியில், கார்த்திகை விளக்கீடு கழிந்த கையோடு, வங்கக்கடலில் ஒரு தாழமுக்கம் உருவாகி மண்டூஸ் என்னும் புயலாக வளர்ந்தது. அதனைச் சுற்றி விரைந்த காற்று, வடக்கேயிருந்த மாசையும் இழுத்து வந்து எம்மேல் விட்டது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வானம் மங்கிற்று. காற்றின் தரம் சுகத்துக்குக் கேடான நிலையை அடைந்தது. டிசெம்பர் 9ஆந் திகதி வெள்ளிக்கிழமை நாடெங்குமுள்ள அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. வெள்ளத்திற்கும் போருக்கும் பாடசாலைகள் மூடப்பட்டதை நாம் அறிவோம். காற்று மூச்சுக்கு ஆகாது என்று மூடப்பட்டதைப் பிள்ளைகள் அப்போதுதான் கண்டனர்.

அதற்குச் சரியாக எழுபது ஆண்டுகளின் முன், 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை, இலண்டன் மாநகரம் இதனினும் கொடிய துன்பத்தை அனுபவித்தது. குளிர்ந்த காற்று நிலத்தோடு ஒட்டிக் கிடக்க, அதன்மேல் சூடான காற்று மூடிபோல அமர்ந்துகொண்டது. காற்று அசையவில்லை; மழை பெய்யவில்லை. வீடுதோறும் எரிந்த நிலக்கரியின் புகை வெளியேற வழியின்றி மூடுபனியோடு கலந்து நகரை நிரப்பிற்று. அன்று நாலாயிரம் பேர் இறந்தனர் என்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அத்தொகை பன்னீராயிரம் வரையாகலாம் என்றன. இதன் விளைவாக 1956இல் தூயகாற்றுச் சட்டம் அங்கே நிறைவேறியது. சட்டம் மழையை வரவழைக்கவில்லை; அடுப்பை மாற்றிற்று. அதுவே போதியதாயிற்று.

சுவாசப்பையும் ஓர் இலையே

காற்றிலிருந்து கரி அகலும் வழிகளுள் நாம் இதுவரை கூறாத ஒன்று உண்டு. அது மனிதனின் நெஞ்சு. இலையும் கடலும் துளியும் கரியைப் பிடிக்கின்ற அதே பௌதிக விதிகளின்படி எமது சுவாசப்பையும் பிடிக்கின்றது. பெருந்துணிக்கைகள் மூக்கிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடும். அவற்றைச் சளியாக வெளியேற்றுகின்றோம். நுண்துணிக்கைகள் காற்றோடு வளைந்து சென்று, சுவாசப்பையின் கடைசிச் சிற்றறைகள் வரை புகுந்து, அங்கே தள்ளாடிச் சுவரிற் பற்றிக்கொள்ளும். வேம்புக்கு மழை வந்து இலையைக் கழுவும். நெஞ்சுக்குள் மழை பெய்வதில்லை.

புகைபோக்கி துடைத்த இலண்டன் சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று பேர்சிவல் பொட் என்னும் மருத்துவர் 1775இலேயே எழுதினார். டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012இல் முடிவு கூறிற்று. இரண்டரை மைக்கிரோமீற்றருக்குச் சிறிய துணிக்கைகள் ஒரு கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதித்தது. மூட்டமான மாதங்களில் எம் வகுப்பறைகளில் ஓரிரு இருக்கைகள் வெறுமையாக இருக்கும். "முட்டு வந்துவிட்டது, சேர்" என்று மறுநாள் வந்து சொல்லும் பிள்ளையின் முகம் எந்தப் புள்ளிவிவரத்திலும் எழுதப்படுவதில்லை.

எல்லாப் புகையும் கடல் கடந்து வந்ததென்று பழியை அயலார்மேற் போட்டுவிடவும் முடியாது. கதவடைத்த குசினியில் ஈரவிறகு மூட்டிச் சமைக்கின்ற தாய், கடல்வழி வந்த மூட்டத்தைவிடப் பன்மடங்கு கரியைச் சுவாசிக்கின்றாள். மடியிலிருக்கும் குழந்தையும் அவ்வாறே. வளவில் குப்பையோடு பிளாத்திக்கையும் கூட்டிக் கொளுத்துவது எம் ஊர்களில் இன்றும் மாலைக் கடமைபோல நடந்து வருகின்றது.

பிறந்த இடத்திலேயே பிடித்தல்

பரந்துவிட்ட கரியை முகில் ஒன்றே பிடிக்கவல்லது. ஆனால் புகைபோக்கிக்குள் இருக்கும் கரியை மனிதனே பிடித்துவிடலாம். இதற்கான சிறந்த கருவிகளுள் ஒன்று சீமெந்துத் தொழிலோடு தொடர்புடையது. காங்கேசன்துறை வாசகர்களுக்கு அது சுவை பயப்பதாகும்.

பிறெடெறிக் கொற்றெல் என்னும் அமெரிக்க இரசாயனப் பேராசிரியர் 1908இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதில், புகை செல்லும் வழியில் மெல்லிய கம்பிகளைத் தொங்கவிட்டுப் பல்லாயிரம் வோற்று மின்னழுத்தம் கொடுக்கப்படும். புகையிலுள்ள துணிக்கைகள் அதனால் மின்னேற்றம் பெற்று, எதிரேயுள்ள உலோகத் தகடுகளால் ஈர்க்கப்பட்டு ஒட்டும். தகட்டைத் தட்டினால் தூசு கீழே விழும், வாரி எடுத்துவிடலாம். புவியீர்ப்பும் தள்ளாட்டமும் கைவிட்ட இடைநிலைத் துணிக்கைகளைக்கூட மின்விசை விடுவதில்லை. நன்கு அமைந்த கருவி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைப் பிடித்துவிடும். 1910ஐ அடுத்த ஆண்டுகளில், கலிபோர்ணியாவில் றிவர்சைட் என்னும் ஊரில் சீமெந்து ஆலையொன்றின் தூசு தோடந்தோட்டங்களிற் படிந்து, தோட்டக்காரர் வழக்காடினர். அப்போது அவ்வாலையில் இக்கருவி பொருத்தப்பட்டது. தோட்டமும் பிழைத்தது, ஆலையும் பிழைத்தது.

எமது துறையிலும் 1950இல் ஒரு சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. இம்மண்ணின் சுண்ணக்கல்லும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணும் அதன் மூலப்பொருள்கள். நாற்பது ஆண்டுகள் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வோடு பின்னிக் கிடந்த அவ்வாலை, போரின் காரணமாக 1990இல் நின்றது. அதனை மீண்டும் இயக்கலாம் என்றும், கூடாது என்றும் அவ்வப்போது பேச்செழுந்து வந்துள்ளது. நாம் இங்கே அவ்வழக்கைத் தீர்க்க முற்படவில்லை. ஒன்றை மட்டும் கூறுவோம். எந்த ஆலை வரினும், அதன் புகைபோக்கிக்குள் என்ன கருவி இருக்கும், அதனை யார் நாள்தோறும் அளந்து பார்ப்பர், அளவுகளை ஊரார் காணமுடியுமா என்ற மூன்று கேள்விகளையும் முதற்கல் நாட்டும் முன்னரே கேட்டல் வேண்டும். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில், புகையைக் கக்கும் புகைபோக்கி முன்னேற்றத்தின் கொடியாகத் தோன்றிற்று. இன்று புகையாத புகைபோக்கியே முன்னேற்றம்.

வாகனங்களுக்கும் வடிகட்டிகள் உண்டு. தேனடைபோலத் துளைகள் நிறைந்த சுட்டமண் கட்டிகள் டீசற்கரியைத் தடுத்து நிறுத்தி, பின்பு சூட்டினால் எரித்துவிடுகின்றன. ஆனால் அவற்றுக்குக் கந்தகம் குறைந்த எரிபொருளும் ஒழுங்கான பராமரிப்பும் வேண்டும். சமையலறைக்கு வேண்டியவை இன்னும் எளியவை: உலர்ந்த விறகு, காற்றோட்டமுள்ள அடுப்பு, கூரைக்கு மேலே செல்லும் புகைபோக்கி. இயலுமானவர்க்கு எரிவாயு அல்லது மின்சாரம். பேராசிரியர் இராமநாதனும் வானத்தை ஆராய்ந்தபின் கடைசியில் அடுப்பிற்கே வந்து சேர்ந்தார். இந்தியச் சிற்றூர்களில் விறகடுப்பை மாற்றும் திட்டமொன்றுக்கு அவர் சூரியா என்று பெயரிட்டார்.

ஒரு கிழமைக் கணக்கு

மேலே சென்ற கரியமில வாயுவின் குறிப்பிடத்தக்க ஒரு பங்கு நூற்றாண்டுகள் கழிந்தும் அகலாது. எம் பாட்டனார் எரித்ததன் பயனை எம் பேரன்மாரும் அனுபவிப்பர். கரியின் கணக்கு அத்தகையதன்று. அதன் ஆயுள் ஒரு கிழமை. இன்று நிறுத்தினால் அடுத்த மாதம் வானம் அதனைக் காட்டிவிடும். 2020 ஏப்ரிலில், பெருந்தொற்றினால் வாகனமும் ஆலையும் நின்றபோது, பஞ்சாபின் ஜலந்தர் நகர மக்கள் தம் வீட்டு மாடியிலிருந்தே இமயமலைத் தொடரின் வெண்சிகரங்களைக் கண்டனர். பல ஆண்டுகளாகக் காணாத காட்சி அது. புதிய மலை எதுவும் தோன்றவில்லை. இடையிலிருந்த திரை விழுந்தது, அவ்வளவே.

எம் மாணவனுக்கு நாம் கூறிய விடையும் இதுதான். "தம்பி, வானம் கறுக்காததற்குக் காரணம் நாம் அல்ல, முகில். அது கிழமைதோறும் எமது கடனைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. அது தீர்ப்பதைவிட விரைவாக நாம் கடன்படும் நாளில்தான் கடலோரத்துக் கோடு மறைகிறது. உன் பக்கத்து இருக்கையும் வெறுமையாகிறது."

அவன் சிறிது நேரம் எண்ணியிருந்துவிட்டு, "அப்படியானால் மழை பெய்யாத மாதத்திலாவது குப்பை கொளுத்தாமல் இருக்கலாமே, சேர்," என்றான். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.